ருஃபைதா (ரலி): பள்ளிவாசலில் ஒரு மருத்துவக் கூடாரம்

ஒவ்வோர் ஆண்டும் மே 12 அன்று உலகச் செவிலியர் தினம் கொண்டாடப்படுகிறது. 1820-ல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள் அது. அந்த நாளில் நம் குடும்பக் குழுக்களில் இன்னொரு பெயரும் சுற்றி வரும்: ருஃபைதா அல்அஸ்லமிய்யா (ரலி). நைட்டிங்கேல் இஸ்தான்புல்லின் உஸ்குதார் படைமுகாம் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது 1854 நவம்பரில். மதீனாவில் ருஃபைதா (ரலி) காயம்பட்டவர்களைக் கவனித்த கூடாரம் வரலாற்றில் பதிவாவது ஹிஜ்ரி 5-ல், அதாவது கி.பி. 627-ல். இடையில் 1,227 ஆண்டுகள். இந்தக் கணக்கைச் சொல்லி மகிழ்ந்துவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்தக் கூடாரத்துக்குள் என்ன நடந்தது, அங்கு நடந்ததிலிருந்து மார்க்கச் சட்டம் எதைக் கற்றது என்று நின்று பார்ப்பது குறைவு. நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் நர்ஸிங் படிக்க விண்ணப்பம் வாங்கி வரும்போது வீட்டில் எழும் விவாதங்களைப் பார்த்தால், அதை நின்று பார்க்க வேண்டிய தேவை நமக்கு இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ருஃபைதா (ரலி) பற்றி இணையத்தில் கிடைப்பவை ஏராளம். அவர் தாதியர் பள்ளி நடத்தினார், தாதியருக்கு ஒழுக்க விதிகள் எழுதினார், தந்தையிடம் முறையாக மருத்துவம் பயின்றார் என்றெல்லாம் எழுதுகிறார்கள். பழைய நூல்களில் அவரைப் பற்றி இருப்பது சில வரிகள்தாம். இப்னு இஸ்ஹாக்கின் நபி வரலாற்றில் ஓரிடம், இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரதில் ஓர் அறிவிப்பு, இப்னு ஸஅத், இப்னு ஹஜர் ஆகியோரின் தோழர் வரலாறுகளில் சிறு குறிப்புகள். அந்தச் சில வரிகள் போதும் என்பது நம் கருத்து. ஒட்டவைத்த பெருமைகள் அவருக்குத் தேவையில்லை.

அவர் அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்தவர். அன்சாரிப் பெண்மணி என்றும் சிலர் சொல்வதை இப்னு ஹஜர் குறிப்பிடுகிறார். பெயரின் வேர் அழகானது. ரிஃப்த் என்றால் கை கொடுத்து உதவுவது. மக்காவில் குறைஷிகள் ஹாஜிகளுக்கு உணவளித்த பொறுப்புக்கு ரிஃபாதா என்று பெயர். அதே வேரிலிருந்து, காயத்தின் மேல் வைத்துக் கட்டும் துணிக்கும் ரிஃபாதா என்று அரபு அகராதிகள் பொருள் தருகின்றன. ருஃபைதா என்பது அந்த வேரில் பிறந்த குறுக்கப் பெயர். பெற்றோர் இதையெல்லாம் நினைத்தா வைத்திருப்பார்கள்? ஆனாலும் பெயர் பொருந்திவிட்டது.

அவருடைய கூடாரம் மஸ்ஜிதுந் நபவியில் இருந்தது. இன்று நாம் உம்ராவுக்குப் போய்ப் பார்க்கும் பளிங்குத் தரைகளையும் விரியும் குடைகளையும் மனத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். அன்று அது பச்சைச் செங்கல் சுவர், பேரீச்ச மரத்தூண்கள், ஓலைக் கூரை. மழை பெய்தால் ஒழுகும். அங்கேயே தொழுகை, அங்கேயே கல்வி, வெளியூர்த் தூதுக்குழுக்களைச் சந்திப்பதும் அங்கேயே. வீடில்லாத ஏழைத் தோழர்கள் திண்ணையில் தங்கியிருந்தார்கள். ஊரின் இதயம் எங்கே துடித்ததோ, அந்த இடத்திலேயே நோயாளிக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

அங்கே யாரைக் கவனித்தார் என்பதில்தான் ருஃபைதாவின் தனித்தன்மை இருக்கிறது. முஸ்லிம்களில் கவனிப்பார் இல்லாமல் கைவிடப்பட்ட நிலையில் இருந்தவர்களுக்குச் சேவை செய்வதை அல்லாஹ்விடம் நற்கூலி எதிர்பார்த்துத் தம் பொறுப்பாக ஏற்றிருந்தார் என்று இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார். வசதியும் உறவும் உள்ளவருக்கு வீட்டில் தாய் இருப்பார், மனைவி இருப்பார். ஹிஜ்ரத் செய்து வந்த தனி ஆளுக்கு யார் இருக்கிறார்? நோன்பில் பட்டினி தெரியாது, நோயில்தான் தனிமை தெரியும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தத் தனிமையில் கிடந்தவர்கள் அவருடைய முதல் நோயாளிகள். இன்றைய நர்ஸிங் பாடப்புத்தகங்கள் நான்கு அடிப்படைகளைச் சொல்கின்றன: நன்மை செய்வது, தீங்கு செய்யாமலிருப்பது, நோயாளியின் விருப்பத்தை மதிப்பது, எல்லோரையும் நீதியாக நடத்துவது. நான்காவதை மாணவிகள் பெரும்பாலும் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ருஃபைதா (ரலி) தம் வேலையையே அதிலிருந்து தொடங்கினார்.

அவர் மட்டும் தனியாக இதைச் செய்யவில்லை. ஹிஜ்ரி 3-ல் உஹதில் நபி (ஸல்) அவர்களின் முகத்தில் காயம் பட்டபோது, அலீ (ரலி) கேடயத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற, ஃபாத்திமா (ரலி) கழுவினார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற இரத்தம் கூடுவதைக் கண்டதும் கழுவுவதை விட்டு, ஒரு பாய்த் துண்டை எரித்து அந்தச் சாம்பலைக் காயத்தில் வைத்து அழுத்தினார்கள், இரத்தம் நின்றது. செய்வது பயன் தரவில்லை என்று கண்டதும் முறையை மாற்றியதைக் கவனியுங்கள். ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) போர்க்களத்தில் தண்ணீர் கொடுத்ததையும் காயங்களுக்கு மருந்திட்டதையும் தாமே அறிவிக்கிறார். உம்மு அதிய்யா (ரலி) ஏழு போர்ப் பயணங்களில் கலந்துகொண்டு, படைவீரர்களின் முகாமில் பின்தங்கி நின்று சமைத்தார், காயம்பட்டவர்களுக்கு மருந்திட்டார், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார். இவர்களெல்லாம் போர் வரும்போது கிளம்பிப் போனவர்கள். ருஃபைதாவின் கூடாரமோ ஊருக்குள் பள்ளிவாசலிலேயே நின்றது. போர் இல்லாத நாளிலும் நோயாளி வரலாம்.

அந்தக் கூடாரத்துக்கு வந்தவர்களில் மிகப் பெரியவர் ஸஅத் பின் முஆத் (ரலி). அவ்ஸ் கோத்திரத்தின் தலைவர். முஸ்அப் பின் உமைர் (ரலி) மதீனாவில் மார்க்கம் சொல்லித்தர வந்தபோது அவர் இஸ்லாத்தை ஏற்க, மாலைக்குள் அவருடைய அப்துல் அஷ்ஹல் குலமே அவரைப் பின்தொடர்ந்தது. அகழ்ப் போரின்போது அவருக்கு 37 வயது.

அன்று பெண்களும் குழந்தைகளும் பாதுகாப்புக்காகக் கோட்டைகளில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) இருந்த கோட்டையில் ஸஅதின் தாயாரும் இருந்தார். கீழே ஸஅத் நடந்து போகிறார். உடலில் கவசம் இருக்கிறது. ஆனால் அளவு போதவில்லை, கை முழுவதும் வெளியே தெரிகிறது. மகனைச் சீக்கிரம் போய்ச் சேரும்படி தாய் அவசரப்படுத்துகிறார். அன்னை ஆயிஷாவுக்கோ அந்தக் கவசம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று கவலை. பயந்தபடியே நடந்தது. குறைஷிகளில் ஹிப்பான் பின் அல்அரிகா என்பவன் எய்த அம்பு, முழங்கை மடிப்பருகே ஓடும் பெரிய இரத்தநாளத்தைத் தைத்தது.

அந்த நாளம் அறுந்தால் என்ன ஆகும் என்பது அரபுகளுக்குத் தெரியும். நபி (ஸல்) அவர்கள் தம் கையாலேயே, அம்பின் அகன்ற முனையைக் காய்ச்சிச் சூடு போட்டு இரத்தத்தை நிறுத்தினார்கள். கை வீங்கியது. இரண்டாம் முறையும் சூடு போட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) இதை அறிவிக்கிறார். இதுவரை நடந்தது சிகிச்சை. இனி வேண்டியது கவனிப்பு: கட்டு மாற்ற வேண்டும், வீக்கம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், இரவில் விழித்திருக்க வேண்டும். நாட்கணக்கில் நீளும் இந்த வேலைக்காக அவர் ருஃபைதாவிடம் அனுப்பப்பட்டார்.

கோத்திரத் தலைவருக்கு வீடும் தாயும் ஆட்களும் இருந்தார்கள். எனினும் அவரைக் கைவிடப்பட்டவர்களுக்கான கூடாரத்தில் வைக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அருகிலிருந்து தாம் நலம் விசாரிக்க வசதியாக இருக்கும் என்பது காரணம். காயத்தைப் பார்க்கத் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும் என்றே நமக்குப் படுகிறது. இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆதரவற்ற ஏழையும் அவ்ஸின் தலைவரும் படுத்தது ஒரே கூடாரத்தில். தலைவருக்கென்று தனி இடம் போடப்படவில்லை.

அல்அதபுல் முஃப்ரதில் வரும் அறிவிப்பு ஒரு சிறு காட்சியைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் அந்தப் பக்கம் போகும்போது, மாலையானால் மாலைப் பொழுது எப்படி இருக்கிறது என்றும், காலையானால் காலை எப்படி விடிந்தது என்றும் ஸஅதிடம் கேட்பார்கள். அவர் தம் நிலையைச் சொல்வார். மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரண நலவிசாரிப்பு. ஆனால் யாரிடம் கேட்டார்கள் என்று பாருங்கள். நம் வீடுகளில் ஒரு முதியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், டாக்டர் மகனிடம் பேசுவார், மகன் நர்ஸிடம் பேசுவார், மருமகள் பக்கத்துக் கட்டில்காரரிடம் பேசுவார். படுத்திருக்கும் வாப்பாவிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. அங்கே காலையும் மாலையும் நோயாளியிடமே கேட்கப்பட்டது, நோயாளியே பதில் சொன்னார்.

சில வாரங்கள் போயின. பனூ குறைளா முற்றுகை முடிவுக்கு வந்தபோது, தீர்ப்பு வழங்க ஸஅதை அழைத்தார்கள். அந்தத் தீர்ப்பின் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. நமக்கு இங்கே வேண்டியது நோயாளி பயணப்பட்ட விதம். அவர் பருத்த உடல்வாகு கொண்டவர். தோல் மெத்தை விரித்த கழுதையின் மேல் அவரை ஏற்றி, அவர் குலத்தார் சூழ்ந்து மெல்ல நடத்திச் சென்றார்கள். வேலை முடிந்ததும் மீண்டும் பள்ளிவாசலுக்கே கொண்டுவந்தார்கள். காயம் ஆறுவது போலத் தோன்றியது. ஸஅத் (ரலி) முன்பே ஒரு துஆ கேட்டிருந்தார்: குறைஷிகளுடன் இனியும் போர் இருக்குமானால் தம்மை விட்டுவைக்கும்படியும், போர் முடிந்துவிட்டதானால் இந்தக் காயத்தையே தம் ஷஹாதத்துக்குக் காரணமாக்கும்படியும். ஓர் இரவு காயம் உடைந்தது. பள்ளிவாசலில் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த ஃகிஃபார் கோத்திரத்தார், தங்கள் பக்கமாக இரத்தம் ஓடிவருவதைக் கண்டுதான் திடுக்கிட்டு எழுந்தார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அவருடைய மரணத்துக்காக அர்ஷே அசைந்தது என்பதும் ஸஹீஹான செய்தி.

அத்தனை பெரிய மனிதர், ஒரு பெண்ணின் பராமரிப்பில் இருந்த நேரத்தில் இறந்துபோகிறார். ஆனால் யாரும் அந்தப் பெண்ணைக் குற்றம் சொன்னதாக ஒரு வரி கூட இல்லை. இன்று ஒரு நோயாளி இறந்தால் வார்டு வாசலில் கண்ணாடி உடைகிறது, பணியில் இருந்த நர்ஸை நோக்கிக் கை ஓங்கப்படுகிறது. தெரிந்த வேலையை, உரிய கவனத்துடன், அனுமதியுடன் செய்தவர் மேல் முடிவுக்காகப் பழி போட முடியாது என்ற நீதி அன்றே நடைமுறையில் இருந்தது. பிற்பாடு ஃபிக்ஹ் அறிஞர்கள் அதைச் சட்டமாகவே வகுத்தார்கள்.

அந்தச் சட்டத்துக்கு ஆதாரம் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் உள்ள ஒரு நபிமொழி. மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்தால், விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்பது அதன் கருத்து. ஒரே வாக்கியத்தில் எத்தனை தெளிவு! நல்ல எண்ணம் இருந்ததா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. தகுதி இருந்ததா என்பதே கேள்வி. ஹிஜ்ரி 751-ல் மறைந்த இப்னுல் கய்யிம் தமது ஸாதுல் மஆதில் இதை விரித்து எழுதுகிறார். தேர்ந்தவர், தொழிலின் முறைப்படி, அனுமதியுடன் செய்தார், அவர் கையால் தவறேதும் நேரவில்லை. இருந்தும் நோயாளிக்குக் கேடு வந்தால் அவர் மேல் இழப்பீடு இல்லை. அறியாதவர் செய்து உயிரோ உறுப்போ போனால் இழப்பீடு உண்டு. தேர்ந்தவரே ஆனாலும் கை தவறி ஆரோக்கியமான உறுப்பைக் கெடுத்துவிட்டால் பொறுப்பு உண்டு. தேர்ந்தவர் நோயாளியின் அல்லது அவருடைய பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் கைவைத்துக் கேடு வந்தாலும் பொறுப்புக் கேள்வி எழுகிறது. அங்கே அவர் அறிஞர்களின் கருத்துகளை எடுத்து அலசுகிறார். தகுதி, அனுமதி, கவனக்குறைவு, இழப்பீடு: இன்று நர்ஸிங் சட்டப் பாடத்தில் வரும் தலைப்புகள் பெரும்பாலும் இவையே. இங்கிலாந்தில் செவிலியர் பதிவுச் சட்டம் 1919-ல்தான் வந்தது. இந்தியாவில் நர்ஸிங் கவுன்சில் சட்டம் வந்தது 1947-ல்.

இதை வாசிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியவில்லை. தெருவில் யாரோ ஒருவருக்கு ஊசி போடத் தெரியும் என்று கூப்பிட்டு, வீட்டிலேயே குளுக்கோஸ் ஏற்றும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அவர் நல்லவர், காசு கூட வாங்கமாட்டார் என்று காரணமும் சொல்கிறோம். மேலே சொன்ன நபிமொழிக்கு முன்னால் அந்தக் காரணம் நிற்காது.

அனுமதி என்ற விஷயத்தில் நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது நடந்த சம்பவம் நம் மனத்தைப் பிடித்து நிறுத்துவது. ஹிஜ்ரி 11. வாயின் ஓரமாக மருந்தை ஊற்றும் ஒரு முறை அரபுகளிடம் இருந்தது. நபி (ஸல்) அவர்கள் வேண்டாம் என்று சைகை காட்டினார்கள். நோயாளி என்றால் மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று நினைத்த வீட்டார் ஊற்றிவிட்டார்கள். எல்லாம் அன்பினால் செய்தது. தெளிவு வந்ததும், தாம் தடுத்தும் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டுக் கண்டித்தார்கள். அத்துடன் நிற்கவில்லை. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அதே மருந்தை வாயில் ஊற்றச் சொன்னார்கள். அப்போது அங்கே இல்லாத அப்பாஸ் (ரலி) மட்டும் விலக்கு. புகாரியில் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி இது. நோயாளி சுயநினைவுடன் மறுத்தால் அந்த மறுப்பை நோயின் அடம் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட அழுத்தமான பாடம் நமக்குத் தெரியவில்லை. நர்ஸ்களுக்கு மட்டுமல்ல, உம்மாவுக்குச் சாப்பாட்டை வற்புறுத்தி ஊட்டும் மகள்களுக்கும் இது பொருந்தும்.

இனி, நம் வீடுகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. அந்நிய ஆணுக்கு ஒரு முஸ்லிம் பெண் மருந்திடலாமா? ஸஅத் (ரலி) ருஃபைதாவுக்கு மஹ்ரம் அல்லர். ருபைய்யிஃ, உம்மு அதிய்யா (ரலி) ஆகியோர் மருந்திட்ட வீரர்களும் பெரும்பாலும் அந்நியர்களே. இமாம் புகாரி மருத்துவப் பகுதியில் ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்கும் மருத்துவம் செய்யலாமா என்று தனித் தலைப்பே இட்டு, அதன் கீழ் ருபைய்யிஃ (ரலி) அவர்களின் செய்தியை வைக்கிறார். அதன் விளக்கத்தில் இப்னு ஹஜர், தேவை ஏற்படும்போது அனுமதி உண்டு என்றும், பார்ப்பதும் தொடுவதும் அந்தத் தேவையின் அளவோடு நிற்க வேண்டும் என்றும் எழுதுகிறார். காயம் கையில் இருந்தால் கையை மட்டும் திறப்பது. கட்டு முடிந்ததும் மூடிவிடுவது. சற்று யோசித்தால், நல்ல நர்ஸிங் கல்லூரிகள் நோயாளியின் கண்ணியம் என்ற தலைப்பில் கற்றுத்தருவதும் இதையேதான்: திரையை இழு, தேவையான இடத்தை மட்டும் திற, வேலை முடிந்ததும் போர்த்து. சொற்கள் வேறு, செயல் ஒன்று.

பிற்காலத்தில் மருத்துவமனைகள் வளர்ந்தபோது இந்த அளவுகோல் நிர்வாகத்திலும் வந்தது. ஹிஜ்ரி 683-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. ஆண் பகுதியில் ஆண் பணியாளர்கள், பெண் பகுதியில் பெண் பணியாளர்கள். அதற்கும் முன்பே, 12-ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய சந்தைக் கண்காணிப்பு அதிகாரிகளுக்கான கையேட்டில் மருத்துவர்களுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. தீங்கான மருந்து கொடுக்கமாட்டோம், நோயாளியின் இரகசியத்தை வெளியிடமாட்டோம் என்று அவர்களிடம் முஹ்தஸிப் சத்தியம் வாங்க வேண்டும். வீட்டுக்குள் நுழையும்போது பார்வையைத் தாழ்த்த வேண்டும். எடைக்கல்லையும் பால் கலப்படத்தையும் சோதிக்கும் அதே அதிகாரிதான் இதையும் பார்ப்பார் என்பது நமக்கு வியப்பாக இருக்கிறது. இரகசியம் காப்பது அவரவர் நல்ல குணத்துக்கு விடப்படவில்லை. அதிகாரி கேள்வி கேட்கும் விஷயமாக இருந்தது.

ருஃபைதாவின் வரலாற்றுக்குத் திரும்புவோம். இப்னு ஸஅதின் தபகாத்தில், பள்ளிவாசலில் கூடாரம் அமைத்து ஸஅத் பின் முஆதுக்கு மருந்திட்டவராகக் குஐபா பின்த் ஸஅத் அல்அஸ்லமிய்யா என்ற பெயர் வருகிறது. ஒருவருக்கே இரு பெயர்கள் என்று கொள்வோரும் உண்டு, அஸ்லம் கோத்திரத்தின் இரு பெண்கள் என்போரும் உண்டு. குஐபா ஹிஜ்ரி 7-ல் கைபர் போரிலும் கலந்துகொண்டார். அங்கே ஓர் ஆணுக்குரிய பங்கை நபி (ஸல்) அவர்கள் அவருக்கு ஒதுக்கினார்கள் என்று வாகிதீ வழியாகச் செய்தி வருகிறது.

இந்தப் பங்கு ஃபிக்ஹில் ஒரு விவாதத்தையே கிளப்பியது. காயம்பட்டவர்களுக்கு மருந்திட்ட பெண்களுக்குப் போர்ச்செல்வத்திலிருந்து வெகுமதி தரப்பட்டது, ஆனால் வீரர்களைப் போல நிர்ணயித்த பங்கு இல்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) ஒரு கடிதத்தில் பதில் எழுதியது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பெரும்பான்மை அறிஞர்கள் இதையே எடுத்தார்கள். சிரியாவின் இமாம் அவ்ஸாயீ, பெண்களுக்கும் பங்கு உண்டு என்றார். எது வலுவானது என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நாம் இல்லை. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒன்றைக் கவனிக்கலாம்: அந்த வேலைக்குக் கூலி உண்டு. அல்லாஹ்வுக்காகச் செய்கிறீர்கள், பணம் எதற்கு என்று எந்தத் தரப்பும் சொல்லவில்லை. நம் அறக்கட்டளை மருத்துவமனைகளில் சேவை மனப்பான்மை என்ற பெயரில் நர்ஸ்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுப்பவர்கள் இதைப் படித்தால் நல்லது.

கைபருக்குப் புறப்பட்ட நேரத்தில் ஃகிஃபார் கோத்திரத்துப் பெண்கள் சிலரும் வந்து, காயம்பட்டவர்களுக்கு மருந்திடவும் இயன்ற உதவி செய்யவும் வரட்டுமா என்று அனுமதி கேட்டார்கள். அல்லாஹ்வின் பரக்கத்துடன் வரும்படி நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அவர்களில் ஒரு சிறுமி. அவளைத் தம் ஒட்டகச் சேணத்தின் பின்புறம் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் இறங்கியபோது அவளுக்கு முதல் மாதவிடாய் ஏற்பட்டு, சேணப் பையில் இரத்தம் பட்டிருந்தது. அவள் வெட்கத்தால் ஒடுங்கிப் போனாள். நபி (ஸல்) அவர்கள் அதைப் புரிந்துகொண்டு, அவளைச் சுத்தம் செய்துகொள்ளச் சொல்லி, தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுப் பையில் பட்ட கறையைக் கழுவிவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும்படி சொன்னார்கள். கைபர் வெற்றிக்குப் பின் பெண்களுக்கு வெகுமதி கொடுக்கப்பட்டபோது, ஒரு மாலையை எடுத்து அவள் கழுத்தில் தம் கையாலேயே அணிவித்தார்கள்.

அந்தச் சிறுமி வளர்ந்து முதியவராகி, இந்த நிகழ்வைத் தாமே சொல்லக் கேட்டவர் வழியாக இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு முறை மாதவிடாயிலிருந்து தூய்மையாகக் குளிக்கும்போதும் அவர் தண்ணீரில் உப்புப் போட்டுக்கொண்டார். தம்மைக் குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரிலும் உப்புப் போட வேண்டும் என்று வஸிய்யத் செய்தார். அந்த மாலையை வாழ்நாளெல்லாம் கழுத்திலிருந்து கழற்றவேயில்லை. தம்மோடு கப்ரில் வைக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.